பின்சக்கரத்துக் கல்

எங்கள் பக்கத்தில் யாரும் வண்டிக்கு ஹேண்ட் பிரேக் போட்டு வைக்கமாட்டார்கள். உப்புக்காற்று அப்படி. சாயங்காலம் இழுத்து வைத்தால் காலையில் விடாது. உள்ளே பிரேக் ஷூவும் டிரம்மும் துருவேறி ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பின்சக்கரம் சுற்றாமல் தெருவைக் கீறிக்கொண்டே வரும். மரக்காணத்தில் புதுவண்டி வாங்கியவனுக்குச் சொல்லித்தரும் முதல் பாடமே அந்த லீவரைத் தொடாதே என்பதுதான். அதற்குப் பதிலாக ஒவ்வொரு வண்டியிலும் ஒரு கல் இருக்கும். ஸ்டெப்னி இல்லாத உப்பு வண்டியைப் பார்த்திருக்கிறேன். கல் இல்லாத வண்டியைப் பார்த்ததில்லை.

எதிர்வீட்டுச் சகாதேவன் அண்ணனின் மினி லாரியில் இருந்தது கருங்கல். ஒரு பக்கம் தட்டை, ஒரு பக்கம் சரிவு. என் வீட்டுக்காரர் பாஸ்கல் திண்டிவனம் ரோட்டில் ஜல்லி ஏற்றப் போனபோது பொறுக்கிக்கொண்டு வந்தது. இருட்டிலும் தெரியட்டும் என்று, மாதா கோயில் கிராதிக்கு அடித்து மிஞ்சிய வெள்ளை பெயிண்டை அதற்கு அடித்தார். வண்டி அண்ணனுடையது. ஓட்டுவதும் அவரே. உப்பு மூட்டை ஏற்றி இறக்குவதும் கல் வைப்பதும் பாஸ்கல். எங்கள் மகள் ஆஷ்லின் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷத்திலிருந்து அப்படித்தான்.

பாஸ்கல் மீனவக் குடும்பம். ஆனால் கடல் அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. படகு கரையைத் தாண்டுவதற்குள் வாந்தி எடுத்துவிடுவார். அலைமேல் நிற்க முடியாதவன் உப்புமேல் நிற்கிறான் என்று அவர் அண்ணன்மார்கள் கடைசிவரை கேலி செய்தார்கள். நான் பெரிய முதலியார்சாவடியில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்து, கோயில் பள்ளிக்கூடத்து ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன். உப்பளத்தை ஈசிஆரில் பஸ்ஸில் போகும்போது ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி. வெள்ளைக் குவியல்களும், அவற்றின்மேல் போர்த்திய கீற்றும், அதற்கப்பால் கழுவெளி ஏரித் தண்ணீரும். உள்ளே ஒருமுறைகூடப் போனதில்லை.

வண்டி ஒரு மேட்டில் நின்றால் அண்ணன் பிரேக்கை மிதித்தபடியே கண்ணாடியைப் பார்த்து "கல்லு" என்பார். கத்தமாட்டார். பாஸ்கல் குதித்திறங்கி, கல்லைப் பின்சக்கரத்தடியில் தள்ளி, குதிகாலால் ஓர் உதை கொடுப்பார். பிறகு வண்டியின் பக்கவாட்டுப் பலகையில் உள்ளங்கையால் இரண்டு தட்டு. "போட்டாச்சு." அதைக் கேட்ட பிறகுதான் அண்ணன் காலை எடுப்பார். இத்தனை வருஷம் சொல்லிச்சொல்லி அது அவர்கள் இரண்டு பேருக்கும் மூச்சு மாதிரி ஆகிவிட்டது. தனக்கோடி அக்கா, அண்ணனின் மனைவி, கூடக் கொஞ்சம் சோறு போட வந்தால் பாஸ்கல் தட்டின் பக்கத்தில் தரையை இரண்டு தட்டு தட்டி "போட்டாச்சு" என்பார். ராத்திரி வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டாலும் அப்படித்தான், இரண்டு தட்டு. படுத்துக்கொண்டு கேட்பேன். கேட்டுவிட்டுத்தான் கண்ணை மூடுவேன்.

போன ஆவணியில், உப்புப் பருவம் முடியும் சமயம், முன்ராத்திரி மழை பெய்திருந்தது. இன்னொரு மழை வருவதற்குள் பாத்திக் கரையிலிருக்கும் உப்பைக் கொட்டகைக்கு ஏற்றிவிட வேண்டும் என்று எல்லா வண்டிகளும் ஓடின. கொட்டகை மேட்டின்மேல் இருக்கிறது. ஏறும் வழி ஒரு வண்டி அகலம்தான். களிமண்ணும் சிந்திய உப்பும் கலந்து மெழுகின தரைபோல இருக்கும். மேலே ஒரு வண்டி இறக்கி முடிக்கும்வரை பின்னால் வருகிற வண்டிகள் மூக்கைத் தூக்கிக்கொண்டு சரிவிலேயே வரிசையில் நிற்கும். அண்ணன் வண்டியில் பேட்டரி வீக். அணைத்தால் செல்ஃப் எடுக்காது. இஞ்சினை ஓடவிட்டு, நியூட்ரலில் வைத்து, "கல்லு" என்றார். "போட்டாச்சு" என்று கேட்டது. தட்டும் கேட்டது. காலை எடுத்தார். கல் சறுக்கியது. பின்னால் நின்ற லாரிக்கும் வண்டிக்கும் நடுவில் பாஸ்கல் இருந்தார்.

இவ்வளவும் மற்றவர்கள் சொல்லி எனக்குத் தெரிந்தது. நான் பார்த்தது பிம்ஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் அண்ணன் வெறுங்காலோடு நின்றதைத்தான். அவர் வலது கால் மட்டும் தரையை அழுத்திக்கொண்டே இருந்தது.

*

வண்டியைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்தார்கள். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழை முழுக்க அது வேப்பமரத்தடியில் நனைந்தது. கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவர்த்தி வாங்கப் போனபோது பஸ்ஸிலிருந்து பார்த்தேன். முன்கண்ணாடி முழுக்க வேப்பிலைச் சருகு.

தை பிறந்து வண்டி விடுதலையானது. வெளியூர்க்காரப் போலீஸ்காரர் யாரோ ஹேண்ட் பிரேக்கை இழுத்து வைத்திருக்கிறார். பின்சக்கரம் இரண்டும் இறுகிப்போய்விட்டன. டிராக்டர் வைத்து இழுத்தும் சுற்றவில்லை. அதோடு ஏட்டையா உள்ளேயிருந்து அந்த வெள்ளைக் கல்லையும் தூக்கிக்கொண்டு வந்து, "இதுவும் வண்டியோட சாமான்தான், எடுத்துக்கினு போ" என்று அண்ணன் கையில் கொடுத்திருக்கிறார். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் ஸ்டேஷன் வாசலிலேயே ரொம்ப நேரம் நின்றாராம். கூடப்போன மெக்கானிக் ராமதாஸ்தான் அதை வாங்கி வண்டியின் பின்னால் போட்டிருக்கிறான்.

ராமதாஸுக்கு பைபாஸ் பக்கம் ஷெட். முப்பது வயது இருக்கும், வாய் ஓயாது. பின்பிரேக் முழுவதையும் கழற்றிப் போட்டுவிட்டுப் புது ஷூ, புது வீல் சிலிண்டர், புது ஹேண்ட் பிரேக் கேபிள் வைத்தான். டிரம்மைக் கடைசல் பிடித்துக் கொடுத்தான். காலால் மிதிக்கும் பிரேக் ஆணி அடித்ததுபோல் நின்றது. ஹேண்ட் பிரேக்தான் சரியாகவில்லை. லீவர் நெஞ்சு உயரத்துக்கு வந்தும் வண்டி நழுவியது.

மற்றவர்களாக இருந்தால் அதைக் கவனித்தே இருக்கமாட்டார்கள். அண்ணனுக்கு அதுதான் எல்லாமுமாக ஆனது. தனக்கோடி அக்காவிடமும் ராமதாஸிடமும் அவர் ஒரே பேச்சுத்தான் பேசினாராம். இனிமேல் தன் வண்டிக்குப் பின்னால் ஒரு மனுஷன் குனியக்கூடாது. மேட்டில் வண்டி தானாக நிற்க வேண்டும். நின்றால் ஓட்டுவேன், இல்லையென்றால் சாவியைக் கடலில் எறிந்துவிடுவேன். மாசி வந்துவிட்டது. பாத்தியில் உப்பு பூத்து, வாரிக் குவிக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்த வீட்டுக்கு வேறு வருமானம் கிடையாது. மகள் இலக்கியா திண்டிவனத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள்.

ராமதாஸ் வந்து லீவருக்குக் கீழே இருக்கும் நட்டைத் திருகி கேபிளை இறுக்கிக் கொடுத்தான். பிடித்தது. ஒரு வாரத்தில் மறுபடி நழுவியது. மறுபடி இறுக்கினான். மறுபடி நழுவியது.

ஒரு சாயங்காலம் நான் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வருகிறேன். எங்கள் தெரு கிழக்கே கொஞ்சம் சரிவு. அண்ணன் தன் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, பிடிக்கிறதா பார்ப்போம் என்று இறங்கி நின்றுகொண்டிருந்தார். வண்டி நின்றது. அவர் உள்ளே போய்த் தண்ணீர் குடித்திருக்கிறார். அதற்குள் அது சத்தமே இல்லாமல் நகரத் தொடங்கியது. நடக்கிற வேகம்கூட இல்லை. தெருவைக் குறுக்காகக் கடந்து, எங்கள் வேலியைச் சாய்த்து, முருங்கை மரத்தில் மூக்கை வைத்து நின்றது. பாஸ்கல் வைத்த முருங்கை. மேலேயிருந்து பூ உதிர்ந்து முன்கண்ணாடியில் விழுந்தது.

அன்று ராத்திரிக்குள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டது, பாஸ்கல் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனான் என்று. குழாயடியில் ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு, பூசை வை மேரி, ஆத்மா அலையுது என்றாள். ஆஷ்லின் புதுச்சேரியில் ஒரு லேபில் வேலை செய்கிறாள். அவளுக்கு யார் சொன்னார்களோ, போன் செய்தாள்.

"அந்த வண்டிய நம்ம வூட்டு வாசல்லேர்ந்து எடுக்கச் சொல்லும்மா. தெனமும் அத்தப் பாத்துக்கினு எப்பிடிம்மா இருக்கற?"

"அவங்க வாசல்லதான் நிக்குதுடி."

"உனுக்குக் கோவமே வராதாம்மா?"

வராமல் இல்லை. வந்த கோபம் யாரிடம் போய் உட்காருவது என்று தெரியாமல் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணன்மேல் வைக்கப் பார்த்தால், ஆஸ்பத்திரி வராந்தாவில் அழுந்திக்கொண்டிருந்த அந்தக் கால் ஞாபகம் வந்துவிடும்.

*

அதற்குப் பிறகுதான் அண்ணன் வண்டியில் உட்காரத் தொடங்கினார். காலையில் ஏறுவார். சாவி போடமாட்டார். பிரேக்கை மிதித்தபடி உட்கார்ந்திருப்பார். வெயில் ஏறி, இறங்கி, நான் வேலை முடிந்து வரும்போதும் அப்படியே இருப்பார். தனக்கோடி அக்கா தூக்குச்சட்டியில் கேழ்வரகுக் கூழும் சுட்ட கருவாடும் கொண்டுவந்து ஜன்னல் வழியாக நீட்டுவார். ஒரு நாள் தெருவே கேட்கச் சத்தம் போட்டார்.

"வூடு இல்லாதவனுக்குக் கொடுக்கற மாதிரி தெருவுல கொண்டாந்து ஊட்ட வேண்டியிருக்குது. காலத்தான் எடேன்யா."

"எடுத்தா போயிடும்."

"எங்க போவும்? எதிர்வூட்டுக்குத்தான போவும். மேரி ஒண்ணும் வாணாம்னு சொல்லமாட்டா."

சொல்லிவிட்டுத் திரும்பிய அக்கா என்னை வாசலில் பார்த்துவிட்டார். முகம் போய்விட்டது. பாஸ்கல் போன பிறகு அக்கா என் வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததில்லை. கெழங்கா மீன் குழம்பு வைத்தால் கிண்ணத்தை வேலிமேல் வைத்துவிட்டுக் கூப்பிடாமலே போய்விடுவார். நானும் கழுவிய கிண்ணத்தை வேலிமேல்தான் வைப்பேன். அன்று நேராக உள்ளே வந்து, அடுப்படியில் பலகையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"வாயி தவறி வந்துட்டுது மேரி."

"தெரியும்க்கா."

"தூக்கத்துலயும் காலு மிதிச்சிக்கினே இருக்குது. கட்டில்ல கால்மாட்டுச் சட்டம் ஆணி கழண்டுபோச்சு. நான் எழுந்து, போதும்யா, நின்னுட்டுதுய்யான்னு சொன்னா, கல்லு போட்டானான்னு கேக்குது. என்னான்னு சொல்லுவன்?"

நான் காபி போட்டேன். அக்கா குடிக்காமல் டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வித்துடலாம்னு சொல்லிப் பாத்தன். பிரேக்கு புடிக்காத வண்டிய இன்னொருத்தன் தலையில கட்டமாட்டன்னுது. சரி ஓட்டுன்னா, ஓட்டமாட்டன்னுது. நான் ஒண்ணு சொல்லட்டா, உங்க வூட்டுக்காரரு செத்தாரு. எங்க வூட்டுக்காரரு சாவாம ஒக்காந்துக்கினு இருக்காரு."

அந்தப் பேச்சு என்னைச் சுட்டது. எழுந்து போகச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். ஆனால் அக்கா அதை எனக்கு எதிராகச் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்ததை அப்படியே சொன்னார். ராமதாஸை மறுபடி வரச் சொல்லுங்கள், டிரம்மைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள் என்றேன். வண்டியைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. வெளியே எத்தனை முறை இறுக்கியும் நிற்கவில்லையென்றால் உள்ளேதானே பார்க்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

*

ராமதாஸ் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நான் வரும்போது வந்திருந்தான். தெருவிலேயே ஜாக்கி போட்டுப் பின்பக்கத்தைத் தூக்கி, முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் செங்கல் அடுக்கியிருந்தான். அண்ணன் இறங்கி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். நான் தலையில் போட்டிருந்த முந்தானையைக்கூட எடுக்காமல் வேலியோரம் நின்றேன்.

டிரம்மைக் கழற்றினான். பார்த்தான். ரொம்ப நேரம் பேசவில்லை. ராமதாஸ் பேசாமல் இருந்தால் ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். ஷூவின் தேய்மானத்தைக் கட்டைவிரலால் தடவிவிட்டு, "புதுசா மாட்டன மாதிரியே இருக்குதுண்ணா" என்றான்.

"புதுசுதான."

"இல்லண்ணா. நான் வெச்ச எடத்துலயே நிக்குது. நகரவே இல்ல." அவன் உள்ளே இருக்கும் ஒரு சின்னப் பல்சக்கரத்தைக் காட்டினான். நட்சத்திரம்போல இருந்தது. "ஹேண்ட் பிரேக்க இழுத்து வுடும்போதெல்லாம் இது ஒவ்வொரு பல்லா நவுந்து ரெண்டு ஷூவையும் டிரம்மு கிட்டத் தள்ளிக்கினு போவணும். தேய்ஞ்சாலும் தானா கிட்ட வந்துக்கும். நீ ஹேண்ட் பிரேக்கு போடறதே இல்லியாண்ணா?"

"புடிக்குதான்னு பாக்கறப்ப இழுப்பன். மத்தபடி யாரு போடறாங்க இந்த ஊர்ல?"

ராமதாஸ் ஸ்பானரால் தலையைச் சொறிந்துகொண்டான். பிறகு தன்னையே திட்டிக்கொள்வதுபோல் சொல்ல ஆரம்பித்தான். புது ஷூ போட்டவுடனேயே அந்தப் பல்சக்கரத்தைக் கையால் திருப்பி, ஷூவை டிரம்முக்குக் கிட்டே கொண்டுவந்து வைத்திருக்க வேண்டும். வண்டி ஓட ஓடத் தானாக வந்துவிடும் என்று விட்டுவிட்டான். வரவில்லை, ஏனென்றால் இழுக்க ஆளில்லை. லீவர் மேலே வந்ததும் கேபிளை இறுக்கினான். இறுக்கினதும் உள்ளே ஷூவைத் தள்ளுகிற இரும்புக் கை பாதி இழுத்தபடியே நின்றுவிட்டது. பல்சக்கரம் நகர இருந்த கொஞ்ச வழியும் போயிற்று. "ஒடம்புக்குள்ள வலின்னா சட்டை பட்டன இறுக்குன கதையாயிட்டுது" என்றான். தனக்கோடி அக்கா, அதைக் கண்டுபிடிக்க உனக்கு மூணு தடவை டீ போட்டுக் கொடுத்தேன் என்றார். தெருவில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. அவர் வேறெங்கோ போயிருந்தார்.

"அப்ப அன்னிக்கி," என்றார். நிறுத்தினார். என் பக்கம் பார்க்காமல் வேலியைப் பார்த்துச் சொன்னார். "அன்னிக்கி நான் இழுத்திருந்தா?"

சிரித்தவர்கள் நகர்ந்துவிட்டார்கள். ராமதாஸ் டிரம்மின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்தான். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தான்.

"அன்னிக்கி இருந்த கேபிளு துருண்ணா. கயிறாட்டம் இத்துப்போய்க் கெடந்துது, நான்தான கழட்டிப் போட்டன். இழுத்திருந்தாலும் புடிச்சிருக்காது."

அது உண்மையா, அந்த நேரத்தில் அவன் வாயில் வந்த இரக்கமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவனிடம் நான் கேட்கவில்லை. இழுத்து இழுத்து விட்டிருந்தால் கேபிள் துருப்பிடித்திருக்குமா என்று அண்ணனும் கேட்கவில்லை. கேட்கத் தெரியாதவர் அல்ல அவர்.

பிறகு ராமதாஸ் வேலையைப் பார்த்தான். முதலில் கேபிளை முழுக்கத் தளர்த்தினான். டிரம்மை மாட்டி, பின்தகட்டு ஓட்டை வழியாக ஸ்குரூடிரைவரை விட்டுப் பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் தள்ளினான். தள்ளித் தள்ளிச் சக்கரத்தைக் கையால் சுற்றிப் பார்த்தான். முதலில் சத்தமில்லாமல் சுற்றியது. பிறகு உள்ளே லேசாக உரசுகிற சத்தம் கேட்டது, அரிசி புடைக்கிற மாதிரி. "இதான். இதுக்கு மேல போவக்கூடாது" என்று நிறுத்தினான். அடுத்த சக்கரத்துக்கும் அதே சத்தம் வரும்வரை. ஏறி உட்கார்ந்து கால் பிரேக்கைப் பல தடவை மிதித்து மறுபடி சுற்றிப் பார்த்தான். எல்லாம் முடிந்த பிறகுதான் கேபிள் நட்டைத் தொட்டான். லீவரை இழுத்தபோது ஐந்தாறு பல்லிலேயே கெட்டியாக நின்றது. இறக்கியபோது சக்கரம் இரண்டும் தாராளமாகச் சுற்றின.

"கடல்காத்துல ராத்திரி பூரா போட்டு வெக்காத. அது நம்ம ஊரு வழக்கம், சரிதான். ஆனா நிக்கற எடத்துல எல்லாம் போடு, கெளம்பறப்ப வுடு. இத்த மறக்கக் கூடாதுண்ணா. மறந்தா இதுவும் உன்ன மறந்துடும்."

தெருவின் சரிவில் நிறுத்திப் பார்த்தார்கள். நின்றது. அண்ணன் திருப்தியடையவில்லை. தெருச் சரிவெல்லாம் ஒரு சரிவா என்றார். கொட்டகை மேட்டில் நிற்க வேண்டும். அதுவும் பாரத்தோடு.

*

மறுநாள் விடியற்காலையில் தனக்கோடி அக்கா வந்து கூப்பிட்டார். நீ வரணும்னு சொல்லுது என்றார். பள்ளிக்கூடத்துக்கு லேட்டாகும் என்று சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். ஏன் என்று கேட்டால் ஒரே காரணம்தான். அந்த இடத்தை நான் பார்த்ததில்லை. பார்க்காமல் இருந்ததால் அது ஒவ்வொரு ராத்திரியும் வேறு வேறு இடமாக வந்துகொண்டிருந்தது. சில ராத்திரி மலைபோல இருக்கும்.

நானும் அக்காவும் ராமதாஸின் பைக்குக்குப் பின்னால் ஷேர் ஆட்டோவில் போய் உப்பள ரோட்டில் இறங்கி நடந்தோம். பனி இன்னும் விலகவில்லை. இரண்டு பக்கமும் பாத்திகளில் பெண்கள் முழங்கால்வரை துணி சுற்றிக்கொண்டு உப்பை வாரிக் கரையேற்றிக்கொண்டிருந்தார்கள். சரக் சரக் என்று ஒரே சத்தம். காலில் கொப்புளம் உடைந்த இடத்தில் உப்புத்தண்ணீர் பட்டு ஒருத்தி மற்றவளிடம் ஏதோ கெட்ட வார்த்தை சொல்ல, வரிசையாகச் சிரித்துக்கொண்டே போனார்கள். என்னைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு ஒவ்வொருத்தியிடமாக நின்றது. அவர்களுக்கு என்னைத் தெரிந்திருந்தது.

மேடு சின்னதாக இருந்தது. அதுதான் எனக்கு முதலில் தோன்றியது. எங்கள் கோயில் படிக்கட்டு உயரம்கூட இல்லை. இதிலா என்று நினைத்தேன்.

அண்ணன் ஏற்கெனவே வந்து, வண்டியில் உப்பு மூட்டை ஏற்றி வைத்திருந்தார். ராமதாஸ் எல்லோரையும் பக்கவாட்டில் ஒதுங்கச் சொன்னான். பின்பக்கம் ஒருத்தரும் நிற்கக்கூடாது, கீழே ரோட்டை மறித்துவிட்டேன் என்றான். வெள்ளைக் கல் வண்டியின் மூலையில் மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை.

வண்டி ஏறியது. நடுச்சரிவில் நின்றது. அண்ணன் லீவரை இழுத்தார். பனியில் அந்தச் சத்தம் பல் பல்லாகத் தெளிவாகக் கேட்டது. பின்னால் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது, கால் பிரேக்கில் இருக்கும்வரை எரிகிற விளக்கு. "எடுண்ணா" என்றான் ராமதாஸ். விளக்கு அணையவில்லை. "புடிச்சிருக்குதுண்ணா, கால எடு." அணையவில்லை.

தனக்கோடி அக்கா கூப்பிட்டுப் பார்த்தார். முதலில் திட்டினார், பிறகு கெஞ்சினார். இலக்கியா பேரைச் சொன்னார். அண்ணன் கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் நின்ற இடத்திலிருந்து அந்தக் கண்ணாடியில் அவர் முகம் தெரிந்தது. வியர்த்திருந்தது. உப்பு வாருகிற சத்தம் நின்றுவிட்டது. பாத்தியில் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கல்லு," என்றார் அண்ணன்.

பழக்கத்தில் வந்தது. சொன்ன பிறகுதான் அவருக்கே கேட்டது போலிருக்கிறது. வாயைக் கையால் மூடிக்கொண்டார். கால் மட்டும் அசையவில்லை. இன்றைக்கு எடுக்காவிட்டால் இனி என்றைக்கும் எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்தது. அக்காவுக்கும் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்காமல் இருக்கத் தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தச் சொல் காற்றில் நின்றுகொண்டிருந்தது. பதில் வருகிற இடத்தில் ஒன்றுமில்லை. அந்த இடம் எனக்குத் தெரியும். ராத்திரி கதவுக்குத் தாழ்ப்பாள் போட்ட பிறகு எங்கள் வீட்டில் வருகிற அதே இடம்.

நான் சரிவில் ஏறினேன். ராமதாஸ் கையை நீட்டினான், பிறகு இறக்கிக்கொண்டான். தரை காலுக்கடியில் வழுக்கியது. வண்டியின் பக்கத்தில், பின்சக்கரத்துக்குச் சற்று முன்னால் நின்றேன். பலகையில் பெயிண்ட் உரிந்து ஓர் உள்ளங்கை அளவுக்கு வெறும் மரம் தெரிந்தது, வழுவழுவென்று. அங்கேதான் என் கையை வைத்தேன்.

இரண்டு தட்டு தட்டினேன்.

"போட்டாச்சு."

என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கண்ணாடியில் அண்ணனின் கண்கள் என்னைப் பார்த்தன. சக்கரத்தடியில் ஒன்றும் இல்லை என்பது அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும்.

சிவப்பு விளக்கு அணைந்தது.

வண்டி ஒரு விரல்கடை பின்னால் அசைந்து, நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அண்ணன் இறங்கவில்லை. ஸ்டியரிங்கில் தலையை வைத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது தெரிந்தது. சத்தம் வரவில்லை. பாத்தியில் மறுபடி சரக் சரக் என்று வாரத் தொடங்கினார்கள்.

*

இப்போது பங்குனி முடியப் போகிறது. அண்ணன் தினமும் ஓட்டுகிறார். என்னிடம் அதிகம் பேசுவதில்லை, நானும் பேசுவதில்லை. அந்தக் கல்லை ஒரு நாள் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் முருங்கையடியில் வைத்துவிட்டுப் போனார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மீன் குழம்புக் கிண்ணத்தைத் தனக்கோடி அக்கா இப்போது வேலிமேல் வைப்பதில்லை. உள்ளே கொண்டுவந்து அடுப்படியில் வைக்கிறார். ஆஷ்லினுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. ஈஸ்டருக்கு வந்தவள் எதிர்வீட்டைப் பார்க்காமலே உள்ளே வந்தாள். அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது.

சாயங்காலம் நான் உலை வைக்கும் நேரத்துக்கு வண்டி தெருவுக்குள் திரும்பும். நிற்கும். லீவரை இழுக்கிற சத்தம் வரும், பல் பல்லாக. அண்ணன் யாரையும் கூப்பிடுவதில்லை. கதவைத் திறந்து இறங்கிப் போய்விடுகிறார்.

நான்தான் கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிடுகிறேன். லீவர் சத்தத்துக்குப் பிறகு வரவேண்டிய அந்த இரண்டு தட்டு வரட்டும் என்று கை தானாகக் காத்திருக்கிறது. வராது. உலை பொங்கி அடுப்பு அணைந்த பிறகுதான் எனக்கு நினைவு வரும்.